பிடி தேய்ந்த வாள்: கேம் கேரக்டர் படைப்பவர்களுக்கான கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. சொந்தமாக ஒரு கேரக்டர், அதன் கையில் சொந்தமாக ஒரு ஆயுதம், அதற்குப் பின்னால் ஒரு கதை. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். நீளமான சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா, நான் பத்தாம் வகுப்பு. என் ஹீரோவின் வாளிலிருந்து தீ, பனி, மின்னல் மூன்றும் வரும். ஒரே வெட்டில் யாராக இருந்தாலும் காலி. எறிந்தால் தானே கைக்குத் திரும்பி வரும். இவ்வளவு வைத்தும் நண்பர்கள் 'போர் அடிக்குதுடா' என்கிறார்கள். ஏன்?

தம்பி, உன் வாளால் முடியாதது என்று எதுவுமே இல்லை, அதனால்தான். விளையாடுகிறவன் ஒவ்வொரு நொடியும் ஏதாவது முடிவு எடுக்க வேண்டும்: இப்போது அடிக்கலாமா, விலகலாமா, கிட்டே போகலாமா, காத்திருக்கலாமா. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன் பதில் சொல்லிவிட்டால் அவனுக்கு அங்கே என்ன வேலை?

2018-இல் வந்த காட் ஆஃப் வார் விளையாடியிருப்பாய், இல்லையென்றால் யாராவது விளையாடுவதைப் பார்த்தாவது இருப்பாய். அதன் நாயகன் கிரேட்டோஸ் கையில் இருக்கும் லெவியாத்தன் கோடரியும் எறிந்தால் திரும்பி வரும், பனியில் உறைய வைக்கும். ஆனால் கதையின் நடுவில் ஹெல்ஹைம் என்ற இடத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் வருகிறது. அங்கே எல்லாமே ஏற்கெனவே உறைந்து கிடக்கிறது, கோடரியின் குளிர் எடுபடாது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குத் திரும்பி, தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்த பழைய சங்கிலிக் கத்திகளை எடுக்கிறான். தன் முதல் மனைவியையும் மகளையும் கொன்ற அதே கத்திகள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவன் முன்கையில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்துக்கொண்டே வந்திருப்போம், அந்தச் சங்கிலி சுட்ட தழும்பை மறைக்கத்தான் அது. கோடரிக்கு ஒரு குறை வைத்ததால்தானே இந்தக் காட்சிக்கே இடம் கிடைத்தது!

உன் வாளில் மூன்று சக்தியையும் விட்டுவிட வேண்டாம். ஒன்றை வைத்துக்கொள். மின்னலை வைத்துக்கொள்கிறாய் என்றால், தண்ணீரில் நின்று அடித்தால் அவனையும் தாக்கும் என்று ஒரு விதி போடு. அப்புறம் ஒரு லெவல் முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் வை. நண்பர்களிடம் அதை மட்டும் விளையாடக் கொடுத்துப் பார்.

என் நாயகிக்குப் பன்னிரண்டு பக்கத்தில் முன்கதை எழுதி வைத்திருக்கிறேன். பிறந்த ஊர், வம்சம், குரு, காதல், துரோகம் எல்லாம் உண்டு. கேமில் இதை எப்படிக் கொண்டுவருவது? தொடக்கத்தில் எழுத்தாக ஓட விடலாமா?

ஓட விடாதீர்கள். புதிதாக உட்கார்ந்தவர் கையில் கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் துடித்துக்கொண்டிருப்பார், அவரிடம் வம்ச வரலாறு சொன்னால் ஸ்கிப் பட்டனைத்தான் தேடுவார். பன்னிரண்டு பக்கமும் வீண் என்று சொல்லவில்லை. அது உங்களுக்கானது. அவள் எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதியது. விளையாடுகிறவருக்கு அதிலிருந்து கசிய வேண்டியது கொஞ்சம்தான்.

பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் வழி தெரியும். 2007-இல் வந்த மாஸ் எஃபெக்ட்டில் முதன்மைக் கேரக்டர் ஷெப்பர்டுக்குப் பிறந்து வளர்ந்த இடம் என்று மூன்று தேர்வு, ராணுவத்தில் என்ன பெயர் எடுத்தார் என்று மூன்று தேர்வு, அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பத்தி. ஆனால் அந்தத் தேர்வு பின்னால் ஒரு உரையாடலிலோ, ஒரு சின்ன மிஷனிலோ எட்டிப் பார்க்கும். இன்னும் பின்னால் போனால் 1996-இன் டாகர்ஃபால் என்ற கேம். அது தொடக்கத்திலேயே உங்கள் கடந்த காலத்தைப் பற்றி வரிசையாகக் கேள்வி கேட்கும், நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத் திறமைகளும் கையிருப்புப் பொருள்களும் மாறும். முன்கதை பையில் இருக்கும் பொருளாகவே மாறிவிடுகிறது பாருங்கள், அது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. இதற்கு நேர்மாறாக 2011-இன் ஸ்கைரிம் உங்களை ஒரு கைதியாக வண்டியில் ஏற்றிவிட்டு, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று எதையுமே முடிவு செய்யாமல் விட்டுவிடுகிறது. மீதியை விளையாடுகிறவரே நிரப்பிக்கொள்கிறார்.

உங்கள் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இது நடந்ததால் அவள் இன்று எதை வேறு மாதிரி செய்கிறாள்? குரு துரோகம் செய்தார் என்றால், அவள் யாருக்கும் முதுகு காட்டி நிற்க மாட்டாள், சும்மா நிற்கும் அனிமேஷனிலேயே அடிக்கடி திரும்பிப் பார்ப்பாள். குரு கொடுத்த வாளை வைத்திருக்கிறாள், ஆனால் அவர் முத்திரை இருந்த இடத்தை அரத்தால் தேய்த்துவிட்டாள். இந்த இரண்டும் போதும், துரோகத்தைப் பற்றி ஒரு வரி வசனம்கூட வேண்டாம். பதில் எழுத முடியாத பத்திகளைத் தனிக் கோப்பில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்துக்கு ஆகும்.

ஆள் உயர வாள் எல்லாம் நடைமுறையில் சாத்தியமா? உண்மையான வாள் எத்தனை கிலோ இருக்கும்?

நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. ஐரோப்பாவின் இடைக்கால ஒற்றைக் கை வாள் சுமார் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டு கையாலும் பிடிக்கும் நீள வாள் ஒன்றரைக் கிலோ அளவு. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கூலிப்படையினர் போரில் சுழற்றிய மிகப் பெரிய இரட்டைக் கை வாள்கூடப் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரைக் கிலோவுக்குள்தான். அலகின் நடுவே நீளமாக ஒரு பள்ளம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், ரத்தம் வழிவதற்கு என்று சிலர் சொல்வார்கள். அது எடையைக் குறைக்க. பிடியின் கடைசியில் இருக்கும் குமிழ் அலகின் பாரத்துக்கு எதிர்ப்பாரம் கொடுத்து, வாள் கைக்கு அடங்கி நிற்க உதவுகிறது.

ஆனால் கேமில் ஆள் உயர வாள் வைப்பது தப்பு இல்லை. 1997-இன் ஃபைனல் ஃபேன்டஸி 7-இல் நாயகன் க்ளவுட் முதுகில் ஒரு கதவையே சுமந்துகொண்டு திரிகிறான், யாரும் குறை சொல்லவில்லை. அந்த வாள் அவனுடையதே இல்லை, செத்துப்போன நண்பன் ஸாக்குடையது, அவனுடைய நினைவுகளையும் சேர்த்துத் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். ஒல்லியான பையன் தன் அளவுக்கு மீறிய வாளைத் தூக்கிக்கொண்டு அலைவது கதையோடு அவ்வளவு பொருந்திப்போகிறது.

எடையைக் கிலோவில் தேடாதீர்கள், அனிமேஷனில் காட்டுங்கள். ஓர் அடிக்கு மூன்று கட்டம் உண்டு: ஓங்குவது, பாய்வது, மீள்வது. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி செகண்ட். கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதர்களுக்குச் சாதாரணமாக 200, 250 மில்லி செகண்ட் ஆகும், அதாவது 12 முதல் 15 ஃபிரேம். பெரிய வாளை ஓங்க 30 ஃபிரேம் கொடுத்தால் எதிரில் இருப்பவர் பார்த்துவிட்டு விலகலாம், 8 ஃபிரேம் கொடுத்தால் யாராலும் பார்த்து விலக முடியாது, அது அட்டை வாள் மாதிரியும் தெரியும். அடித்து முடித்த பிறகு வாளின் முனை தரையில் ஒரு கணம் பதிந்து, தோள் அதை இழுத்து எடுக்கட்டும். பாரம் அந்த மீளும் கட்டத்தில்தான் தெரியும்.

ஆயுதத்துக்குப் பெயர் வைத்தே ஆக வேண்டுமா?

கேரக்டர் அதைப் பெயர் சொல்லி அழைக்கிற ஆள் என்றால் வையுங்கள். கூலிக்குச் சண்டை போடுகிறவன் தன் கத்தியைக் கத்தி என்றுதான் சொல்வான்.

என் கேரக்டர் ஒரு விவசாயி வீட்டுப் பெண். நீளமான கழியில் மாட்டிய புல்லறுக்கும் அரிவாளை ஆயுதமாகக் கொடுத்திருக்கிறேன், பார்க்க எமன் மாதிரி கம்பீரமாக இருக்கிறது. ஆனால் சண்டை அனிமேஷன் செய்தால் எப்படிச் சுழற்றினாலும் இயல்பாகவே வரவில்லை.

வராது, ஏனென்றால் அந்தக் கருவியின் அலகு கழிக்குக் குறுக்கே நிற்கிறது, கூர்மை உள்பக்கம் இருக்கிறது. தரையை ஒட்டி வீசிப் புல்லை அறுப்பதற்காகச் செய்தது. நிற்கிற ஆளை அதால் வெட்ட வேண்டுமென்றால் அலகை அவருக்குப் பின்னால் கொண்டுபோய் இழுக்க வேண்டும், அதற்குள் அவர் உள்ளே நுழைந்துவிடுவார்.

நிஜத்தில் விவசாயிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அலகைக் கழற்றி, கழியின் நேர்கோட்டிலேயே நிமிர்த்தி மாட்டிவிடுவது. உடனே அது ஈட்டியும் வாளும் கலந்த ஒன்றாகிவிடும், குத்தலாம், வெட்டலாம். போலந்தில் 1794-இல் கொஸ்கியூஸ்கோ எழுச்சியின்போது ராத்ஸ்வாவித்சே என்ற இடத்தில் நடந்த சண்டையில், இப்படி நிமிர்த்திய அரிவாளோடு வந்த விவசாயிகள் ரஷ்யப் படையின் பீரங்கிகள்மேல் பாய்ந்து அவற்றைக் கைப்பற்றினார்கள்.

உங்கள் கதைக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று பாருங்கள். முதல் லெவலில் அவளிடம் இருப்பது வயல் கருவி, அப்படியே குறுக்கே மாட்டியது. சண்டையில் தடுமாறத்தான் செய்வாள், அந்தத் தடுமாற்றத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு கொல்லன் பட்டறைக் காட்சி. அலகை நிமிர்த்தித் தரச் சொல்லிக் கேட்கிறாள். கொல்லன், 'நிமிர்த்திட்டா இனிமே இதால புல்லு அறுக்க முடியாதும்மா' என்கிறான். அவள் தலையாட்டுகிறாள். அந்த இடத்திலிருந்து முழு அனிமேஷன் தொகுப்பும் மாறட்டும். இனி ஊருக்குத் திரும்பி வயலைப் பார்க்கப் போவதில்லை என்று அவள் முடிவு செய்ததை விளையாடுகிறவர் கைவிரலால் உணர்வார்.

இன்வென்டரியில், அதாவது கையிருப்புப் பொருள்களின் பட்டியலில், ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கீழே இரண்டு மூன்று வரி விளக்கம் வரும் அல்லவா, அதை எழுதத் தெரியவில்லை. நான் எழுதியது: 'இது மிகப் பழமையான, மிகவும் சக்தி வாய்ந்த ஈட்டி. இருளின் அரசனைக் கொல்வதற்காக மாவீரர் ஒருவரால் உருவாக்கப்பட்டது. இதைத் தொடுபவர்கள் அழிவார்கள்.' இது சரியா?

இலக்கணம் சரி. ஆனால் இந்த மூன்று வரியையும் அப்படியே எடுத்து ஒரு வாளுக்கோ, மோதிரத்துக்கோ, கிண்ணத்துக்கோ கீழே ஒட்டினாலும் பொருந்தும். அதுதான் சோதனை. இந்த ஈட்டிக்கு மட்டுமே உரியது என்று ஒன்றாவது அதில் இருக்க வேண்டும்.

இந்த வகை எழுத்தை ஒரு கதை சொல்லும் முறையாகவே மாற்றியது 2011-இன் டார்க் சோல்ஸ். அதை இயக்கிய ஹிடெடகா மியாசகி கதையை வரிசையாகச் சொல்லாமல், பொருள்களின் விளக்கங்களில் துண்டு துண்டாகப் போட்டு வைத்தார். ஒரு மோதிரத்தில் ஒரு பெயர் வரும், வேறு எங்கோ கிடைக்கும் கவசத்தில் அதே பெயர் வரும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு மூன்றாவது ஒன்று புரியும். முழுதாகச் சொல்லாததால்தான் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் ஈட்டியை எடுத்துக்கொள்வோம். மாவீரர், அரசன் என்று தொலைவில் பார்க்காமல் கையில் எடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கழி என்ன மரம், எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே பழுது பார்த்திருக்கிறார்கள், யார் பழுது பார்த்தது? நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

'கோட்டை வாசல் காவலர்களின் ஈட்டி. கழியின் மேல் பாதி புதிது, கீழ்ப் பாதி பழையது. முற்றுகையில் உடைந்ததைப் பூண் போட்டு இணைத்துக் கொடுத்தவள், உடைத்தவனின் மகள்.'

உடைத்தவன் யார், எதிரியின் மகள் ஏன் கோட்டைக்குள் இருக்கிறாள், இதெல்லாம் சொல்லவில்லை. வேறு எங்காவது, ஒரு பட்டறையில் கிடைக்கும் சுத்தியலின் விளக்கத்தில் அவள் மறுபடியும் வரட்டும். இன்னொன்று, எழுதியதை ஆட்டத்திலும் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள். பூண் போட்ட ஈட்டி என்றால், பலமான அடியைத் தொடர்ந்து கொடுத்தால் பூண் ஆட்டம் காணும், சத்தம் மாறும், சற்று நிறுத்தி இறுக்க வேண்டும். மூன்று வரியைப் படிக்காமல் தாண்டிப் போனவரும் அப்போது திரும்பிப் போய்ப் படிப்பார்.

'மிக', 'மிகவும்' இரண்டையும் அடித்துவிடுங்கள். 'உருவாக்கப்பட்டது' என்று எழுதும்போதெல்லாம் உருவாக்கிய ஆளைக் கூப்பிட்டு வாக்கியத்தில் உட்கார வையுங்கள்.

கேரக்டரின் அப்பா அம்மா இறந்துவிடுகிறார்கள், பழி வாங்கக் கிளம்புகிறான். எல்லாரும் இதையே எழுதுகிறார்கள் என்று தெரிகிறது, ஆனால் வேறு என்ன காரணம் வைப்பது?

உயிரோடு இருக்கிறவர்களை வையுங்கள். பெற்றோரைக் கொன்றுவிட்டால் எழுதுகிறவருக்கு வசதி, கேரக்டர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த வசதிதான் கதையைத் தட்டையாக்கிவிடுகிறது. அப்பா உயிரோடு இருக்கிறார், மகன் சண்டைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கையிலிருக்கும் கவசம் அவருடையது. அல்லது ஆயுதம் இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கியது, உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பழி வாங்குகிறவன் ஆயுதத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். திருப்பிக் கொடுக்க வேண்டியவன் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அலகைத் துடைத்துப் பார்ப்பான், கல்லில் மோதாமல் அடிக்கப் பார்ப்பான். எதிரி யார், பெரிய ஆபத்து என்ன என்பதெல்லாம் இதற்கு மேல் தானாக வந்து உட்காரும்.

பழிதான் வேண்டும் என்று மனது கேட்டால் அதையும் எழுதலாம், தடையில்லை. யாரைக் கொன்றார்கள் என்பதைவிட, கொன்ற ஆளுக்கு அது ஞாபகமாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

கோடரிக்கு டேமேஜ் 90, இரண்டரை நொடிக்கு ஓர் அடி. கத்திக்கு 20, அரை நொடிக்கு ஓர் அடி. கணக்குப் போட்டால் நொடிக்கு 36, 40 என்று கத்திதான் கொஞ்சம் கூட வருகிறது. ஆனால் விளையாடிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கோடரியைத்தான் எடுக்கிறார்கள். எங்கே தப்பு?

கணக்கு சரி, ஆனால் நொடிக்கு இவ்வளவு என்ற சராசரி நீண்ட சண்டைக்குத்தான் பொருந்தும். உங்கள் கேமில் சாதாரண எதிரிக்கு எத்தனை உயிர்ப்புள்ளி? கடிதத்தில் 80 என்று போட்டிருக்கிறீர்கள். கோடரியை ஓங்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடியில் ஒரே அடி, ஆள் காலி. கத்திக்கு நான்கு குத்து, இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியும் எதிரி திருப்பி அடித்துக்கொண்டிருப்பான். இதே எதிரிக்கு 100 வைத்துப் பாருங்கள்: கோடரிக்கு இரண்டு அடி வேண்டும், முதல் அடி ஒரு நொடியில், அடுத்தது இரண்டரை நொடி கழித்து, ஆக மூன்றரை நொடி. கத்திக்கு ஐந்து குத்து, இரண்டரை நொடி. வெறும் 20 புள்ளியில் தலைகீழாகிவிட்டது.

கவசத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு அடியிலிருந்தும் 15 கழியும் என்று வைத்தால், 90 அடிக்கிற கோடரிக்கு 75 மிஞ்சும், 20 அடிக்கிற கத்திக்கு 5 மிஞ்சும். 80 புள்ளி எதிரியைக் கத்தியால் கொல்லப் பதினாறு குத்து ஆகும், எட்டு நொடி, பாவம். சதவீதமாகக் குறைத்தால் இரண்டுக்கும் சமமாகப் படும். இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

இங்கேயும் கேரக்டரைக் கேளுங்கள் என்பேன். கத்திக்காரி யார்? திருட்டுத்தனமாக நுழைகிறவள் என்றால் கவசத்தின் இடுக்கு தெரிந்தவள், பின்னாலிருந்து குத்தினால் கவசம் கணக்கில் வராது என்று விதி வையுங்கள். அவள் பழக்கம் எண்ணில் வந்துவிடும், கத்தியை எடுக்க ஆட்களும் வருவார்கள்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வாள் மாடல் செய்தேன், தனியாகப் பார்க்க அழகாக இருக்கிறது. கேமுக்குள் கேரக்டர் கையில் வைத்தால் பொம்மை மாதிரி தெரிகிறது, சில சமயம் கையை விட்டு விலகிக் காற்றில் நிற்கிறது.

காற்றில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மாடலின் மையப்புள்ளி அலகின் நடுவில் இருப்பது. அதைக் கை பிடிக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள், சுழற்சி, அளவு இரண்டையும் அப்ளை செய்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். இது ஐந்து நிமிட வேலை.

பொம்மை மாதிரி தெரிவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே தூரத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தத்தையும் கறுப்பாக நிரப்பி நிழல் உருவமாக மட்டும் பாருங்கள், அது எந்த ஆயுதம் என்று தெரிகிறதா? 2007-இன் டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் ஒன்பது கேரக்டர்களையும் நிழல் உருவத்தை வைத்தே அடையாளம் காணும்படி வடிவமைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் கேமில் உண்மையான தடிமனில் அலகு செய்தால் கோடு மாதிரி மறைந்துவிடும், கொஞ்சம் தடிப்பாக்குங்கள். நுண்ணிய செதுக்கு வேலைகளை எல்லாம் மாடலில் முக்கோணமாக அடுக்காமல், மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் நார்மல் மேப் என்ற படத்தில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் தேய்மானம். உங்கள் படத்தில் கீறல்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தூவியிருக்கின்றன. பயன்படுத்திய பொருள் அப்படித் தேயாது. பிடியில் சுற்றிய தோல், விரல் அழுந்தும் இடத்தில் கறுத்து வழவழப்பாகும், மற்ற இடத்தில் வெளிறிக் கிடக்கும். தடுத்து ஆடுகிறவனின் வாளில் கைக்காப்புக்கு மேலே இருக்கும் கால் பகுதியில் பல் பல்லாகச் சிதைந்திருக்கும், முனை புதிதாக இருக்கும். உங்கள் கேரக்டர் இடது கைக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள், டெக்ஸ்சரில், அதாவது மாடலின் மேல் ஒட்டும் படத்தில், தேய்மானத்தை அந்தக் கைக்குத் தகுந்தபடி போடுங்கள். யாருமே கவனிக்காவிட்டாலும் கையில் பொருந்தி நிற்கும்.

ஒல்லியான பெண் கேரக்டர் என்றால் வில்தானே பொருத்தம்?

வில்லுக்குத்தான் தோள் பலம் அதிகம் வேண்டும். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982-இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்து முழுசாகக் கிடைத்த நீள வில்கள் மட்டும் 137. அவற்றை முழுவதும் இழுக்க 100 பவுண்டுக்கும் மேல், அதாவது 45 கிலோவுக்கும் மேல் விசை வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிறு வயதிலிருந்து பழகியவர்களால்தான் முடியும். அவள் வில்லாளிதான் என்றால் முதுகும் தோளும் அகலமாக வரையுங்கள், அழகாகவே இருப்பாள். ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்றால் நெம்புகோலோ சுழற்று கருவியோ வைத்து நாணை ஏற்றும் குறுக்குவில் கொடுங்கள், ஏற்ற நேரமாகும், அந்த நேரம் முழுக்க அவள் ஒளிய இடம் தேட வேண்டும்.

எனக்குப் பிடித்த ஒரு பெரிய கேமில் வரும் வாளை அப்படியே என் கேமில் வைக்கலாமா? இலவசமாகத்தான் வெளியிடப் போகிறேன்.

வேண்டாம். இலவசம் என்பதால் உரிமை வந்துவிடாது. பெரிய வாள் என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அந்தக் குறிப்பிட்ட வடிவமைப்பு அவர்களுடையது. அதே கேமுக்கு மாட், அதாவது அதில் சேர்க்கும் மாற்றம், செய்வது வேறு கதை, அதற்கு அந்த நிறுவனத்தின் உரிம விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். சொந்தக் கேமுக்குச் சொந்தமாகச் செய்வதில்தான் சந்தோஷமே இருக்கிறது.

வணக்கம். என் மகனுக்குப் பதினொரு வயது. நோட்டு முழுக்கக் கத்தியும் வாளுமாக வரைகிறான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்கிறான். வன்முறை மனதில் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா?

அம்மா, நோட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கதை சொல்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கண்ணில் பட்டது அந்த வரிதான். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: இது யாருடையது? யார் செய்து கொடுத்தார்கள்? இது உடைந்தால் அவன் என்ன செய்வான்? அவன் யாரைக் காப்பாற்றுகிறான்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது பிள்ளை மனிதர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவான். நிஜமான ஆட்கள் மேல் கோபம் அதில் தெரிந்தால் அது வேறு, அப்போது வரைவதைப் பற்றிப் பேசாமல் அந்தக் கோபத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மைன்கிராஃப்ட் விளையாடுகிறவன் என்றால் இன்னொரு வழி. அதில் வாளின் படம் பதினாறுக்குப் பதினாறு கட்டம்தான், மொத்தம் 256 சதுரம். கட்டம் போட்ட நோட்டிலேயே வண்ணம் தீட்டிப் பார்த்துவிட்டு, கேமின் படங்களை மாற்றும் ரிசோர்ஸ் பேக் மூலம் தன் வாளைக் கேமுக்குள் கொண்டுவரலாம். அதற்குக் கணினியில் கோப்புகளை எங்கே எப்படி வைப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், கற்றுக்கொள்வான்.

என் கேரக்டர் ஒரு மருத்துவச்சி, யாரையும் கொல்ல மாட்டாள். ஆனால் ஆயுதம் இல்லாமல் கேம் எப்படி?

2015-இன் அண்டர்டேலை ஒருவரைக்கூடக் கொல்லாமல் கடைசி வரை ஆடி முடிக்கலாம், அதற்காகவே தனி முடிவு இருக்கிறது. அதனால் முடியுமா என்ற கேள்வியே வேண்டாம், எப்படி என்று மட்டும் பார்ப்போம்.

அவளிடம் ஒரு கத்தி இருக்கட்டும். கட்டுத்துணி வெட்டுகிற, மூலிகை நறுக்குகிற சின்னக் கத்தி. முதல் லெவலில் அதால் வெட்டக்கூடிய பொருள்களை மட்டும் நிறைய வையுங்கள்: கயிறு, சேணத்தின் வார், கூடாரத் துணி, காயம்பட்டவனின் சட்டைக் கை. விளையாடுகிறவருக்கு அந்தப் பட்டன் கைக்குப் பழகிவிடும். இரண்டாவது லெவலில் வாளோடு ஒருவன் எதிரே வருகிறான். அதே பட்டனை அழுத்தினால் அவள் குத்த மாட்டாள், அவன் வாளுறை தொங்கும் வாரை அறுப்பாள், காலணிக் கயிற்றை அறுப்பாள், தலைக்கு மேல் கூடாரத்தைத் தாங்கும் கயிற்றை அறுப்பாள். கண்ணில் படுகிற எந்த முடிச்சும் அவளுக்கு ஆயுதம். எதிரிகளை வரையும்போது உடலைப் பார்க்காமல் அவர்கள் உடம்பில் எங்கெங்கே கட்டு, வார், கொக்கி இருக்கிறது என்று பார்த்து வரைய வேண்டியிருக்கும், வேலை கூடத்தான். அடிபட்டு விழுந்தவனுக்கு அதே கத்தியால் துணி கிழித்துக் கட்டுப் போடலாமா, விட்டுவிட்டுப் போகலாமா என்பதை விளையாடுகிறவரிடம் விடுங்கள். கட்டுப் போட்டால் கூடுதல் புள்ளி எதுவும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு லெவல் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், விளையாடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.